எட்டாம் வகுப்பு ஆக்சிஜன்

பிள்ளைகளுக்கு அணு என்றால் என்னவென்று தெரியவில்லை என்ற செய்தி ஒரு நாள் மேலிடத்தை எட்டிவிட்டது. மேலிடம் பதறிப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் கக்கூஸுக்குக் கதவு இல்லை என்று பத்து வருஷமாக மனு போட்டபோது பதறாத மேலிடம்தான். ஆனால் அணு என்பது மானப் பிரச்சினை அல்லவா! உடனே ‘அணுவை அறிவோம் இயக்கம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு சின்னம், ஒரு பாட்டு, ஒரு செயலி, ஒரு சிறப்பு அலுவலர். எல்லாம் தயாரான பிறகு, பாடம் நடத்த வாத்தியார் இருக்கிறாரா என்று யாரோ ஒருத்தர் கேட்டாராம். அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சுற்றறிக்கை எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் பறந்தது. ‘நவம்பர் இறுதிக்குள் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அணு நிறுவப்பட்டு, அதன் காணொளி செயலியில் பதிவேற்றப்பட வேண்டும். அணு நிறுவாத பள்ளிகளின் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

அதன் நகல் ஒன்று திருவொற்றியூரில் அடைக்கலமேரியின் கைக்கும் வந்தது. அவள் விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்து, விம்கோ நகரில் கூடை வைத்து மீன் விற்கிறவள். அணுவுக்கும் அவளுக்கும் எந்தப் பகையும் இல்லை. ஆனால் அவள் மகள் சாண்ட்ரா எட்டாம் வகுப்பு படித்த கடலோரத்து நடுநிலைப் பள்ளிக்கு அவள்தான் மேலாண்மைக் குழுத் தலைவர். பெற்றோர்களில் ஒருத்தரைத் தலைவராகப் போட வேண்டும் என்பது விதி. அந்த வருஷத் தொடக்கத்தில் நடந்த கூட்டத்துக்கு வந்த ஒன்பது பேரில் எட்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் குனியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

பள்ளிக்கூடத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குளிர்கிடங்கு. ஏற்றுமதிக்குப் போகும் இறாலை உறைய வைக்கிற இடம். தினமும் மதியம் இரண்டு மணி சுமாருக்கு அங்கே பழைய இயந்திரத்தில் அடைத்திருக்கிற எண்ணெயை வடிப்பார்கள். எண்ணெயோடு கொஞ்சம் காற்றும் வெளியே வரும். மூக்கில் ஊசி குத்தினாற்போல ஏறும், கண்ணில் தண்ணீர் கொட்டும். ஊர்க்காரர்கள் அதை ‘கேஸு’ என்பார்கள். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. சத்துணவு சாப்பிட்டுக் கை கழுவும்போதே கைக்குட்டையை நனைத்து வைத்துக்கொள்வார்கள். கேஸு வந்தால் மூக்கில் கட்டிக்கொண்டு பாடம் கேட்பார்கள். கைக்குட்டை இல்லாத பிள்ளை சட்டை நுனியை நனைத்துக்கொள்ளும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை; ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பெரிய பிள்ளைகளைப் பார்த்துத் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு பேர் தேறிய ஒரே பாடம் அதுதான்.

சாண்ட்ராவுக்கு இழுப்பு உண்டு. ஈரத்துணி இருந்தால் சமாளிப்பாள், இல்லாவிட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். அடைக்கலமேரி மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்கு நாலு தடவை நடந்தாள். ‘தனி ஆள் மனு எடுக்க மாட்டோம்மா, ஸ்கூல்லேருந்து தீர்மானம் போட்டு அனுப்பச் சொல்லுங்க’ என்றார்கள். அதற்காகத்தான் அவள் தலைவரானாள். பதிவேட்டில் ஒரே ஒரு வரி. ‘மதியம் இரண்டு மணிக்குக் கேஸு வருகிறது’ என்று ஒரு வரி. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தலைமையாசிரியர் ரூத் டீச்சர் நல்ல மனுஷி. ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்ததால் கூடுதல் நல்ல மனுஷி ஆகியிருந்தார். தலைவருக்கு இரண்டு அதிகாரம் என்று அவர்தான் விளக்கினார். ஒன்று, தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம். இரண்டு, ஆபத்து அவசரம் என்றால் நீண்ட மணி அடித்துப் பள்ளிக்கூடத்தை விடலாம். மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. இரண்டாவது அதிகாரத்தை இதுவரை எந்தத் தலைவரும் தொட்டதில்லை.

முதல் கூட்டத்தில் பதிவேடு வந்தது. பதினோரு தீர்மானங்கள் மேலிடத்திலேயே அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தன. ‘அணு இயக்கத்தை இக்குழு மனதார வரவேற்கிறது’ என்பது முதலாவது. ‘மேற்கண்ட தீர்மானங்கள் நீண்ட விவாதத்துக்குப் பின் நிறைவேறின’ என்பது பதினோராவது. அடைக்கலமேரி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தன் வரியைச் சொன்னாள்.

“முன்னாடியே சொல்லக் கூடாதா மேரி” என்று ரூத் டீச்சர் வருத்தப்பட்டார். “தலைவர் கையெழுத்துக்கு மேல இருந்தாதான் தீர்மானம். கீழ எழுதினா அது கிறுக்கல். அடித்தல் திருத்தலும் கூடாது. விதி.”

“இன்னா டீச்சர், ஒரு கோடு மேல கீழ இருந்தா காத்து நின்னுடுமா?”

“காத்துக்கு விதி தெரியாது. நமக்குத் தெரியுமே” என்றார் டீச்சர்.

அந்தப் பள்ளிக்கு அறிவியல் நடத்தியவர் வெற்றி என்ற இளைஞர். தற்காலிக வேலை. திங்கள் செவ்வாய் இங்கே, புதன் வியாழன் கொருக்குப்பேட்டையில், வெள்ளிக்கிழமை அத்திப்பட்டில். மூன்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாத்தியார், ஒரு ஸ்கூட்டர். இருந்தாலும் மனுஷன் பாடத்தை ஒழுங்காக நடத்தினார். அன்றைக்குச் சாயங்காலம் சாண்ட்ரா வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“மா, எல்லாமே அணுதாம்மா. மீனு, கூடை, கடலு, நீ, நானு. உத்துப் பாத்தாலும் தெரியாது. அத்தினி சின்னது.”

“கண்ணுக்குத் தெரியாதது இருக்குதுன்னு எப்பிடிடி நம்பறது?”

“காத்து தெரியுதா? மூச்சு வுடற இல்ல?”

அடைக்கலமேரி மீன் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்போ அந்த கேஸும் அணுதானா?”

“ஆமாம்மா. அதுவும்தான். இன்னா அணுன்னுதான் சார் சொல்லல.”

அடுத்த வாரம் சிறப்பு அலுவலர் மாசானம் முன்னேற்பாடு பார்க்க வந்தார். அவர் தமிழ் பேசமாட்டார், அறிக்கை வாசிப்பார். வீட்டில் மனைவியிடம்கூட ‘மேற்படி சாம்பாரில் உப்பின் அளவு மறுபரிசீலனைக்குரியது’ என்பார் என்று கேள்வி. அடைக்கலமேரி இந்தத் தடவை முந்திக்கொண்டாள். கையெழுத்துக்கு முன்னாலேயே, “சார், ஒரு வரி சேக்கணும். மத்தியானம் ரெண்டு மணிக்கு கேஸு வருது, புள்ளைங்க தெணறுதுங்க” என்றாள்.

மாசானம் கருணையோடு சிரித்தார். “அம்மா, கேஸு என்பது அறிவியல் சொல் அல்ல. நாற்றம் என்பதும் ஒரு தனிமம் அல்ல. பாமர மக்களும் அறிவியல் முறைப்படி புகார் செய்ய வேண்டும் என்பதே இந்த இயக்கத்தின் குறிக்கோள். தாங்கள் குறிப்பிடுவது எந்தெந்த அணுக்களால் ஆனது? அதை எழுத்துமூலம் தெரிவியுங்கள். தாராளமாகச் சேர்க்கலாம்.”

மீன்காரியிடம் இதைக் கேட்டால் அவள் திரும்பி வரமாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டார். வீட்டில் சாண்ட்ரா இருக்கிறாள் என்பது அவருடைய கோப்பில் இல்லை.

சாண்ட்ராவின் அப்பா பிராங்கிளின் அதே குளிர்கிடங்கில்தான் பெட்டி தூக்கினான். மகள் கேட்டதும் பயந்துபோனான். “இன்னாத்துக்கு இந்த வம்பு? வேலைக்கு உலை வெச்சுடுவீங்களா ஆத்தாளும் பொண்ணும்?” என்று கத்தினான். அப்புறம் சோறு தின்று, கை கழுவி, பீடி பற்றவைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “கேஸு சிலிண்டர் மேலயே எழுதிக்கீது. N. அப்பால H. அதுக்குக் கீழ சின்னதா ஒரு மூணு.”

சாண்ட்ரா குதித்தாள். நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வட்டம் வட்டமாக வரைந்தாள். நடுவில் பெரிய வட்டம் நைட்ரஜன், சுற்றி மூன்று சின்ன வட்டம் ஹைட்ரஜன். மேலே தலைப்பு: ‘எங்கள் பள்ளிக்கு இரண்டு மணிக்கு வருவது.’ வெற்றி வாத்தியார் பார்த்துவிட்டு, “ரொம்ப சரி. இதுக்குப் பேரு அமோனியா” என்று சிவப்புப் பேனாவில் ஒரு டிக் போட்டார். அந்த டிக்கை அவள் அம்மாவிடம் பத்துத் தடவை காட்டினாள்.

அடைக்கலமேரி அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போய் மாசானத்திடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“மாணவியின் ஆர்வம் பாராட்டுக்குரியது. எனினும் இதில் ஒரு சிக்கல். நைட்ரஜன் ஓர் அணு. ஹைட்ரஜன் மூன்று அணு. இவை சேர்ந்துவிட்டபடியால் இது அணு அல்ல, மூலக்கூறு. கால அட்டவணைப்படி நவம்பரில் அணு மட்டுமே. அணுக்கள் ஒன்றோடொன்று சேர்வது ஜனவரியில்.”

“இதுங்க இப்பவே சேந்துதான் வந்துகினு கீதுங்க சார்!”

“அது பாடத்திட்டத்துக்கு முரணானது” என்றார் மாசானம் கண்டிப்பாக. தாளைத் தன் கோப்புக்குள் வைத்துக் கட்டினார். “ஜனவரியில் எடுத்துக்கொள்வோம்.”

அடைக்கலமேரிக்குத் தலை சுற்றியது. ஏமாற்றுகிறார்கள் என்று தெரிகிறது, எங்கே ஏமாற்றினார்கள் என்று கையை வைத்துச் சொல்ல முடியவில்லை. தராசில் கல்லை மாற்றுகிறவனைக் கூடப் பிடித்துவிடுவாள். இந்த ஆளை எதால் பிடிப்பது? ஜனவரிக்கு ஒன்றரை மாசம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

இனி அணு நிறுவிய கதை.

எந்தப் பள்ளிக்கு எந்த அணு என்பதை மேலிடமே பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து ஒதுக்கியது. அந்தப் பள்ளியின் எட்டாம் வகுப்பில் இருபத்துநான்கு பேர். எட்டு புரோட்டான், எட்டு நியூட்ரான், எட்டு எலக்ட்ரான் என்று ஆக்சிஜன் ஒதுக்கப்பட்டது. புரோட்டானுக்குச் சிவப்புத் தொப்பி, நியூட்ரானுக்கு வெள்ளைத் தொப்பி, எலக்ட்ரானுக்கு மஞ்சள் தொப்பி. சிவப்பும் வெள்ளையும் மைதானத்தின் நடுவில் கைகோத்து நெருக்கியடித்து நிற்க வேண்டும். மஞ்சள் தொப்பிகள் சுண்ணாம்பு வட்டத்தில் சுற்றி ஓட வேண்டும். உள்வட்டத்தில் இரண்டு பேர், வெளிவட்டத்தில் ஆறு பேர். அலுவலர் பேசி முடிக்கும்வரை நிற்கக் கூடாது. எலக்ட்ரான் நின்றால் அணு கெட்டுவிடும் அல்லவா.

வெற்றி வாத்தியார் சாண்ட்ராவுக்கு வெள்ளைத் தொப்பி கொடுத்திருந்தார். நியூட்ரானுக்கு வேலையில்லை, சும்மா நின்றால் போதும். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வர வேண்டிய மாசானம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டி, ஒன்றரை மணிக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாகத் தொப்பிகளைப் பார்வையிட்டார்.

“எந்த அடிப்படையில் பிரித்தீர்கள்? எலக்ட்ரானின் நிறை மிக மிகக் குறைவு என்பது தங்களுக்குத் தெரியாதா? எடைப் பதிவேட்டைக் கொண்டுவாருங்கள். எடை குறைந்த எட்டு பேர் எலக்ட்ரான்.”

எடைப் பதிவேட்டில் கடைசிப் பெயர் சாண்ட்ரா. இருபத்தாறு கிலோ. மஞ்சள் தொப்பி அவள் தலைக்கு வந்தது.

அடைக்கலமேரி ஓடினாள். “சார், அதுக்கு இழுப்பு கீது சார். ஓட முடியாது. குந்த வெச்சுடுங்க, இல்லாங்காட்டி வூட்டுக்கு இட்டுனு போயிடறேன்.”

“ஒருவரை நீக்கினால் இருபத்துமூன்று. எலக்ட்ரான் ஏழு. அப்போது அது அயனி ஆகிவிடும் அம்மா. அயனிக்கு இந்தப் பள்ளிக்கு ஒதுக்கீடு இல்லை.”

சாண்ட்ரா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “பரவால்லம்மா. உள்வட்டம்தான், சின்ன வட்டம். நான் மெதுவா ஓடறேன். கர்ச்சீப்பு நனைச்சு வெச்சுக்கினு கீறேன் பாரு.” பாவாடைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள்.

அதையும் மாசானம் பார்த்துவிட்டார். “கைக்குட்டைகள் கூடாது. முகம் தெரியாவிட்டால் செயலி ஏற்காது. வருகைப்பதிவே முகத்தை வைத்துத்தான்.” ஈரக் கைக்குட்டைகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போயின. வாளியை மேடைக்கடியில் வைத்தார்கள்.

அடைக்கலமேரிக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தது. தோளில் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் வாழ்நாளில் அவளுக்குப் போர்த்திய முதல் பொன்னாடை. மணி ஒன்று ஐம்பது. பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். கேமரா சுழன்றது. மாசானம் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“மாணவச் செல்வங்களே! அணு நமக்கு ஒரு நிர்வாகப் பாடத்தைக் கற்பிக்கிறது. நடுவில் இருப்பது உட்கரு. அது நகராது. அதுபோலத்தான் தலைமை அலுவலகம். நாங்கள் நகராமல் அமர்ந்திருப்பதால்தான் நீங்கள் ஓட முடிகிறது. அறிவியல் ஆசிரியர் பணியிடம் காலி, துப்புரவாளர் பணியிடம் காலி என்று ஓயாமல் மனு எழுதுகிறீர்கள். அணுவின் பெரும்பகுதி எது? காலியிடம்! அணுவே காலியாக இருந்துகொண்டு உலகத்தைத் தாங்கவில்லையா? அணு எப்போதாவது மனு எழுதியதா?”

ரூத் டீச்சர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குக் கேஸு வந்தது.

முதலில் மதிலோரத்து வெளிவட்டம் இருமியது. நடுவில் கைகோத்து நின்ற உட்கரு கண்ணைக் கசக்க முடியாமல் அழுதது. மேடையில் மாசானம் தன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்தே பேச்சைத் தொடர்ந்தார். அவர் முகம் செயலிக்குத் தேவையில்லை. “கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்புவதுதான் அறிவியல்…”

அடைக்கலமேரி உள்வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாண்ட்ரா ஓடினாள், நடந்தாள், அலுவலர் கையசைக்க மறுபடி ஓடினாள். வாய் திறந்திருந்தது. தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போட்டன. அந்த விசில் சத்தம் மேடைக்குக் கேட்காது, ஆனால் தாய்க்குக் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று கால் துடித்தது. அவளுக்கு அதிகாரம் இருந்தது. மரமும் மணியும் பத்தடியில்தான் இருந்தன. ஆனால் பெரிய அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது, பொன்னாடை போர்த்தின மேடையிலிருந்து ஒரு மீன்காரி எப்படி எழுந்திருப்பாள்? இதோ முடித்துவிடுவார், இதோ முடித்துவிடுவார் என்று உட்கார்ந்திருந்தாள். அதற்காக அவள் தன்னைச் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை. மேலிடமோ அன்று சாயங்காலமே தன்னை மன்னித்துக்கொண்டது.

சாண்ட்ரா விழுந்தாள். அலுவலர், “ஒரு எலக்ட்ரான் குறைகிறது, யாராவது வாருங்கள்” என்று ஒலிபெருக்கியில் சொன்னார். ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணுக்கு மஞ்சள் தொப்பியை எடுத்து மாட்டினார்கள். அணு கெடாமல் காப்பாற்றப்பட்டது.

வெற்றி வாத்தியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார், அடைக்கலமேரி பின்னாலேயே ஓடினாள். நெடுஞ்சாலையில் அதே கன்டெய்னர் லாரிகள் நின்றுகொண்டிருந்தன. இந்தப் பக்கம் ஒரு இன்ச், அந்தப் பக்கம் ஒரு இன்ச் என்று ஆட்டோக்காரர் நெளிந்து பார்த்தார். தாய் மடியில் மகள் ஒரு தடவை கண்ணைத் திறந்து, “கர்ச்சீப்பும்மா” என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டருக்கு வேலை இருக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிஷம் மௌன அஞ்சலி நடந்தது. படம் எடுத்துப் பதிவேற்றினார்கள். முகங்கள் குனிந்திருந்ததால் செயலி முதலில் ஏற்கவில்லை. எல்லோரையும் நிமிரச் சொல்லி மறுபடி எடுத்தார்கள்.

விசாரணையும் நடந்தது. நடத்தியவர் மாசானம். அவர் அறிக்கை சுருக்கமாக இருந்தது: ‘அணு இயக்கம் தொடங்குவதற்கு முன்பே மாணவிக்கு மூச்சிரைப்பு இருந்துள்ளது. வாயு எதுவும் பள்ளிக்குள் வந்ததாகத் தீர்மானப் பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லை. பதிவேட்டில் இல்லாத வாயு பள்ளி வளாகத்துக்குள் நுழைந்திருக்க வாய்ப்பில்லை. நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றது.’

பிராங்கிளின் வேலைக்குப் போகவில்லை. கிடங்கு வாசல் வரைக்கும் போவான், இரண்டு மணி வரைக்கும் நிற்பான், திரும்பிவிடுவான். “நான்தானே மேரி அந்த எண்ணெய் வடிக்கிறதுக்கு வாளி புடிச்சுக் குடுத்தேன்” என்பான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய் மீன் விற்றாள். “காலா மீனு எப்பிடிம்மா?” என்று யாராவது கேட்டால், சில சமயம் பதில் சொல்ல மறந்துவிடுவாள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். தலைமையாசிரியர் அறையில் மாசானம், ரூத் டீச்சர், வெற்றி வாத்தியார். மேஜையில் பதிவேடு. மாசானம் வாசித்தார்:

“‘குழுத் தலைவர் திருமதி அடைக்கலமேரியின் குழந்தை தற்போது இப்பள்ளியில் பயிலாத காரணத்தால், விதிப்படி அன்னார் தலைவர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’ இத்தீர்மானத்தில் தாங்கள் கையொப்பமிட வேண்டும்.”

அடைக்கலமேரி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “என்னைத் தூக்கறதுக்கு நானே கையெழுத்துப் போடணுமா சார்?”

“தலைவர் கையொப்பம் இல்லாமல் எந்தத் தீர்மானமும் செல்லாது அல்லவா.”

‘தற்போது பயிலாத காரணத்தால்.’ டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் போன மாதிரி எழுதிவிட்டானே பாவி! பேனாவைக் கையில் எடுத்தாள்.

அப்போது ஜன்னல் வழியாகக் கேஸு வந்தது. பக்கத்து வகுப்பில் இருமல் ஆரம்பித்தது. மாசானம் கைக்குட்டையைத் தேடினார். வெளியே மைதானத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூடத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பதை அவள் பார்த்தாள். மாவட்டப் பரிசுக்கு அணுவை மறுபடி நிறுவ ஒத்திகையாம். எட்டாம் வகுப்பில் ஆள் குறைந்துபோனதால் எல்லா வகுப்பிலிருந்தும் பொறுக்கியிருந்தார்கள். கைக்குட்டை வாளி சுவரோரம் இருந்தது.

அடைக்கலமேரி பேனாவைக் காதில் செருகினாள். பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“எங்கே போகிறீர்கள்? பதிவேட்டை வைத்துவிட்டுப் போங்கள்!”

அவள் போனாள். வேப்பமரத்தடியில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தாள். மாசானம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். “மணி அடிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை!”

“கீது சார். இன்னும் கையெழுத்துப் போடல.”

அடித்தாள். ஒரு அடி இரண்டு அடி இல்லை. கை ஓயும்வரைக்கும் அடித்தாள். தண்டவாளத் துண்டு அலறியது. பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. பிறகு தொப்பிகளைக் கழற்றி எறிந்துவிட்டு வாளியில் கையை விட்டு ஆளுக்கொரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்கள். “ரோட்டுப் பக்கம் வாணாம், கடலுப் பக்கம் ஓடுங்கடா, காத்து அங்கேருந்து வருது!” என்று கத்தினாள். ஐந்து நிமிஷத்தில் பள்ளிக்கூடம் காலி. மாசானத்தின் கணக்குப்படி அதுதான் முழுமையான அணு.

நாலு பேரும் அறைக்குத் திரும்பியபோது எல்லோருக்கும் கண் சிவந்திருந்தது. அடைக்கலமேரி உட்கார்ந்தாள். பதிவேட்டை விரித்து, தன்னை நீக்குகிற தீர்மானத்துக்குக் கீழே, கையெழுத்துக்கு விட்ட இடத்துக்கு மேலே எழுத ஆரம்பித்தாள். அவள் எழுத்து பெரிசு பெரிசாக, கோட்டை மீறிப் போயிற்று.

“என்ன எழுதுகிறீர்கள்? நிறுத்துங்கள். டீச்சர், அதை அடியுங்கள்!”

ரூத் டீச்சர் பதிவேட்டையும் பார்த்தார், மாசானத்தையும் பார்த்தார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷமும் நாலு மாசமும் இருந்தது. “கையெழுத்துக்கு மேல எழுதறாங்க சார்” என்றார் மெதுவாக. “அடித்தல் திருத்தல் கூடாது. விதி.”

‘தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு இந்தப் பள்ளிக்கூடத்துக்கு கேஸு வருது. என் பொண்ணு சாண்ட்ரா அதனால செத்துப்போச்சு. அது இன்னாதுன்னு சாண்ட்ரா கண்டுபுடிச்சு எழுதிக் குடுத்தது. தாளு இந்த சார் கிட்ட கீது.’ அதற்குக் கீழே N போட்டாள், H போட்டாள். பேனா நின்றது.

“வாத்தியாரே” என்று வெற்றியைப் பார்த்தாள். “அந்த மூணு மேல வருமா, கீழ வருமா?”

வெற்றி பதிவேட்டின் பக்கம் குனிந்தார். “கீழம்மா. சின்னதா.”

சின்னதாக ஒரு மூன்று போட்டாள். அப்புறம் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினாள்.